பென்சிலுக்கு முன்னே மணல் தட்டு

"எம்பிள்ள நாள் முழுக்க மண்ணுலதான் கெடக்குது. புத்தகத்தத் தொறந்தா மட்டும் ஓடிப்போயிடுது!"

தோட்டப்புறத் தாய்மார்கள் நம்மிடம் சொல்லும் குறை இது. சிகாமட் பக்கம் போனாலும் கேட்கிறோம். ரெங்கம், கூலாய் பக்கம் போனாலும் கேட்கிறோம். இன்று அந்த மண்ணைப் பற்றியே பேசலாம் என்றிருக்கிறோம்.

நாம் வளர்ந்த லயத்தில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். பம்பரத்தைச் சுண்டி உள்ளங்கையில் ஏந்துவான். ரப்பர் விதையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, ஏமாந்தவன் தொடையில் சூடு வைப்பான். காத்தாடிக்கு மூங்கில் சீவ அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் ஒன்றாம் வகுப்பில் பென்சிலைக் கையில் கொடுத்தால் முனை ஒடியும், நோட்டு கிழியும். வாத்தியார் பிரம்பைத் தூக்கினார். "மண்டு" என்று பேர் விழுந்தது. மூன்றாம் வகுப்போடு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளிக்காட்டுக்குப் போய்விட்டான்.

அவனா மண்டு? பம்பரம் சுற்றத் தெரிந்த விரலுக்குப் பென்சில் பிடிக்கும் அந்த ஒரு பழக்கம்தான் இல்லை. அதை முன்கூட்டியே பழக்க அவன் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அப்பனும் ஆத்தாளும் விடியுமுன் பெரட்டுக்குப் போனார்கள். பிள்ளை ஆயாக் கொட்டகையில் கிடந்தது.

இப்போது காலம் மாறிவிட்டது. 2003-ஆம் ஆண்டிலிருந்து மலேசியாவில் ஆரம்பக் கல்வி கட்டாயம். ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் பாலர் பள்ளியை முடித்துவிட்டு, பேர் எழுதத் தெரிந்தே வருகிறார்கள். பாலர் பள்ளி பக்கத்தில் இல்லாத தோட்டத்துப் பிள்ளை அவர்களோடு உட்கார்ந்தால் முதல் மாதமே பின்தங்கிப் போகும். பிறகு அதைத் தூக்கி விடுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆகவே நாலு, ஐந்து வயதிலேயே வீட்டில் ஏதாவது செய்தாக வேண்டும். "நாங்களே படிக்கலீங்களே, என்னத்த சொல்லிக் குடுக்கறது?" என்கிறீர்களா? கொஞ்சம் கேளுங்கள்.

1789-இல் சென்னை எழும்பூரில் ஓர் அநாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்தத் தொடங்கினார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்துப் போட்டுப் படிப்பதை அவர் கண்டார். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், தப்பாகப் போனால் ஒரு தடவு தடவினால் போச்சு! அதையே தம் பள்ளியிலும் புகுத்தினார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும் வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். 1797-இல் லண்டனில் இதைப் புத்தகமாகவும் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்க அது பரவியது. அவர் விட்டுச் சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றே பெயர். நம் பாட்டன் பூட்டன் மணலில் போட்ட கோட்டை வெள்ளைக்காரன் கப்பலேற்றிக் கொண்டுபோனான். நாமோ பிள்ளை மண்ணைத் தொட்டால் அடிக்கிறோம்.

இன்னொருவர் மரியா மாண்டிசோரி, இத்தாலிய டாக்டர் அம்மா. 1907-இல் ரோம் நகரில் கூலி வேலை செய்வோர் குடியிருந்த சான் லொரென்சோ என்ற பகுதியில் ஓர் அறையைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனதும் பார்க்க ஆளில்லாமல் சுவரைக் கிறுக்கித் திரிந்த பிள்ளைகளுக்காக ஏற்பட்ட இடம் அது. நம் ஆயாக் கொட்டகை மாதிரிதான் என்று வையுங்களேன்! அங்கே பிள்ளைகளுக்கு ஊற்றவும், துடைக்கவும், பொத்தான் போடவும், சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவவும் கொடுத்தார். கை பழகியதும் எழுத்து தானாக வந்தது. இந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் வந்து ஊர் திரும்ப முடியாமல் போகவே, கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிப் பிள்ளைகளோடு வேலை செய்தார்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். ஆற்று மணலைச் சலித்துக் கழுவி வெயிலில் காயப்போடுங்கள். பிஸ்கட் டின் மூடி ஒன்றில் மெல்லிசாகப் பரப்புங்கள். முதல் வாரம் எழுத்தே வேண்டாம். நெட்டைக் கோடு, படுக்கைக் கோடு, வட்டம் போதும். பிறகு ட, ப, ம. இந்த மூன்றும் பெரும்பாலும் நேர்க்கோடுகள்தான், விரலுக்குச் சுலபம். விஜயதசமிக்கு அரிசியில் 'அ' போட்டுத் தொடங்குவது நம் வழக்கம். அதை நாம் குறை சொல்ல வரவில்லை. இருந்தாலும் அந்தச் சுழியும் வளைவும் பிஞ்சு விரலுக்குப் பாரம். நல்ல நாளில் 'அ' போட்டுவிட்டு, மறுநாள் 'ட'வுக்கு வந்துவிடுங்கள். எழுதும்போது வாய்விட்டு உச்சரிக்கவும் வேண்டும். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் மூத்த பிள்ளை சொல்லித் தரட்டும். பெல் துரை செய்ததும் அதுதானே!

அடுத்தது கோலம். மாவைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி, நடுவிரலில் தாங்கி இழுக்கிறோம் அல்லவா? உங்கள் கையைப் பாருங்கள்; பென்சில் பிடிக்கிற பிடியும் அதுவேதான். மகளை மட்டும் கூப்பிடாமல் மகனையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். முதலில் மூன்று புள்ளி, மூன்று வரிசை. "எத்தனை புள்ளி ஐயா?" என்று கேட்டால் எண்ணிப் பார்த்து ஒன்பது என்பான். அது கணக்கு. இந்தப் பக்கம் வளைத்தது போல் அந்தப் பக்கமும் வளைக்கிறான் அல்லவா, அதுவும் கணக்குத்தான்.

செம்பனை ஓலை ஈர்க்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தில் கட்டினால் எண்ணும் குச்சி ஆயிற்று. இரண்டு கட்டும் மூன்று உதிரியும் இருபத்து மூன்று என்பது கைக்கே புரிந்துவிடும். ரப்பர் காய் வெடித்தால் பெரும்பாலும் மூன்று விதை. மூன்று, ஆறு, ஒன்பது என்று மூன்றாம் வாய்ப்பாடு மரத்திலேயே தொங்குகிறது! பச்சைப்பயறும் மொச்சையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லலாம். ஒரு கோப்பைத் தண்ணீரை இன்னொரு கோப்பைக்குச் சிந்தாமல் ஊற்றச் சொல்லலாம். சிந்தினால் துணியைக் கொடுங்கள், கோபிக்காதீர்கள்.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரப்பர் விதை பச்சையாகத் தின்றால் நஞ்சு. வேலியோரம் சிவப்பும் கறுப்புமாக மினுக்கும் குன்றிமணியை வீட்டுக்குள்ளேயே சேர்க்கக் கூடாது. அதைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பயறு, விதை எதுவும் வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்ளும், தொண்டையில் சிக்கும். மருந்தடித்த டின், திராவகம் இருந்த போத்தல் இவற்றை எத்தனை முறை கழுவினாலும் விளையாடக் கொடுக்காதீர்கள்.

நேரம்? வேலை முடிந்து, குளித்து, உலை வைத்த பிறகு கால் மணி போதும். பிள்ளைக்குச் சலித்துவிட்டால் அன்றைக்கு அதோடு விடுங்கள். வேலைக்குப் போக முடியாத பாட்டி வீட்டில் இருந்தால் இன்னும் வசதி. பல்லாங்குழி அவருக்குத் தெரியாததா? பக்கத்து மலாய்க்காரப் பிள்ளை சொங்காக் தெரிந்துகொண்டு வரும். குழி போட்டு விளையாடும் ஆட்டம்தான் அதுவும். இரண்டும் சேர்ந்து உட்காரட்டும். குழிக்கு ஐந்தாகப் பதினாலு குழிக்கு எழுபது முத்து வேண்டும். எண்ணிப் போடும் வேலையைப் பாட்டி செய்ய வேண்டாம், பேரப்பிள்ளை செய்யட்டும்.