நகரங்களில் வண்டி நிறுத்தும் பிரச்சினை

மோட்டார் வண்டி ஓடுவதற்காகவே செய்யப்பட்டது. ஆயினும் அதன் ஆயுளில் பெரும்பகுதி நிற்பதிலேயே கழிகின்றது. நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடும் கார், மீதியுள்ள 23 மணி நேரமும் எங்கேனும் நின்றாக வேண்டும். வீட்டருகே ஓர் இடம், அலுவலகத்தில் ஓர் இடம், கடைவீதியில் ஓர் இடம் என ஒரே வண்டிக்குப் பல இடங்கள் தேவைப்படுகின்றன. தில்லி, கொல்கத்தா, மும்பை, பெங்களூரு போன்ற பெருநகரங்களில் மட்டுமன்றி, மாவட்டத் தலைநகரங்களின் கடைவீதிகளிலும் இன்று காணப்படும் நெரிசலுக்கு, ஓடும் வண்டிகளைப் போலவே நிற்கும் வண்டிகளும் காரணமாகும்.

இடம் தேடி அலுத்த ஓட்டுநர், வழி மறிக்கப்பட்ட பாதசாரி, வாடிக்கையாளரை இழந்துவிடுவோமோ என அஞ்சும் வியாபாரி, எல்லோருடைய கோபத்துக்கும் ஆளாகும் போலீஸ்காரர் ஆகிய நால்வரின் குறைகளும் ஒரே மூலத்தினின்று பிறந்தவை. அம்மூலத்தைக் கோபத்தால் அன்றி அளவையாலேயே அறிய இயலும்.

பழைய தொல்லை

இத்தொல்லை மோட்டார் யுகத்தில் தோன்றியதன்று. கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரியின் தெருக்களில் பகல் வேளையின் பெரும்பகுதியில் சக்கர வண்டிகள் செல்லலாகாது என விதி செய்ய நேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரம் வேறொரு வழியைக் கண்டது. அந்நகரின் கடைவீதிகளில் வேலை செய்வோர் காலையில் நிறுத்திய காரை மாலை வரை எடுப்பதில்லை. ஆதலால் பொருள் வாங்க வந்தோருக்கு இடம் கிடைக்கவில்லை. பத்திரிகாசிரியர் கார்ல் மகீ என்பவரின் முயற்சியால், காசு போட்டால் குறித்த காலம் வரை நிற்க அனுமதிக்கும் ‘பார்க்கிங் மீட்டர்’ 1935 ஜூலை 16 அன்று அங்கு முதன்முதலாக நிறுவப்பட்டது. கட்டணம் மணிக்கு 5 சென்ட். லண்டனில் இக்கருவி 1958-இல் வந்தது. அங்கு நிறுத்த விதிகளைக் கண்காணிக்கும் தனிப் பணியாளர்கள் 1960 முதல் நியமிக்கப்பட்டனர். நின்ற வண்டியை உரிய காலத்தில் நகரச் செய்வதே இவ்வேற்பாடுகளின் முதல் நோக்கமாக இருந்தது.

இடத்தின் கணக்கு

இரண்டு வரிசை வண்டிகள் செல்லத்தக்க சாலையின் அகலம் ஏறத்தாழ 7 மீட்டர். ஓரத்தில் நிற்கும் கார், விளிம்பினின்று விடும் சிறு இடைவெளியையும் சேர்த்தால், சுமார் 2 மீட்டர் அகலத்தை எடுத்துக்கொள்கின்றது. இருபுறமும் கார்கள் நிற்பின் நடுவே எஞ்சுவது 3 மீட்டரே. சுமார் 2.5 மீட்டர் அகலமுள்ள தீயணைப்பு வண்டி அதனூடே செல்லும்போது பக்கத்துக்குக் கால் மீட்டர் இடமே இருக்கும். ஒரே ஒரு கார் சற்றுக் கோணலாக நின்றாலும் அவ்வழி அடைபட்டுவிடும். நோயாளியை ஏற்றிவரும் ஆம்புலன்ஸுக்கும் இக்கணக்கு பொருந்தும். பத்து நிமிஷ வேலைக்காக நிறுத்தப்பட்ட வண்டி ஓர் உயிருக்கு உலையாகக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

சாலை ஓரத்துக்கு இணையாக நிறுத்தினால் ஒரு காருக்கு ஏறக்குறைய 6 மீட்டர் நீளம் வேண்டும். 100 மீட்டரில் 16 கார்கள் நிற்கலாம். செங்குத்தாக நிறுத்தினால் ஒவ்வொன்றுக்கும் 2.5 மீட்டர் போதும்; அதே தூரத்தில் 40 கார்கள் நிற்கலாம். ஆனால் அவை சாலையுள் 5 மீட்டர் வரை நீண்டு நிற்கும். பின்னோக்கி வெளியேறுவதற்கும் இடம் வேண்டும். ஆகவே மிக அகன்ற வீதிகளுக்கன்றி அம்முறை ஏற்றதன்று.

சுழற்சியின் பயன்

ஒரு கடைவீதியில் 50 இடங்கள் உள்ளன என்றும், கடைகள் 8 மணி நேரம் திறந்திருக்கும் என்றும் வைத்துக்கொள்ளலாம். வண்டிகள் நாள் முழுதும் நின்றால் அவ்வீதியால் பயன்பெறுவோர் 50 பேரே. ஒவ்வொரு வண்டியும் ஒரு மணி நேரத்தில் வெளியேறினால் 400 பேர் பயன்பெறுவர். அரை மணியாயின் 800 பேர். புதிதாக ஓர் அடி நிலமும் தேடாமலே இடம் பன்மடங்காகப் பெருகுகின்றது. கட்டணம் வைத்தால் வியாபாரம் கெடும் எனக் கூறும் கடைக்காரர், தமது வண்டியும் தம் பணியாளரின் வண்டியும் கடைவாசலில் நாள் முழுதும் நிற்கின்றனவா என்பதை முதலில் நோக்குதல் நலம்.

காலியிடம் தேடி அலைதல்

இடம் முழுவதும் நிரம்பிய வீதியில் ஓட்டுநர்கள் சுற்றிச் சுற்றி வருகின்றனர். இப்பொருளை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு ஷூப், 1927 முதல் 2001 வரை பல நகரங்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்டார். நெரிசல் மிக்க பகுதிகளில் இடம் தேடுவதற்கு 3.5 முதல் 14 நிமிஷம் வரை சென்றது என்றும், ஓடிய வண்டிகளில் 8 முதல் 74 சதவீதம் வரை இடம் தேடி அலைந்தவையே என்றும் அவை காட்டின. மேற்கூறிய 400 வண்டிகளும் தலைக்கு அரை கிலோமீட்டர் அலைந்தால், ஒரே வீதியில் நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓட்டம் வீணாகின்றது. எரிபொருள் வீணாவதோடு புகையும் பெருகுகின்றது.

இதற்குப் பரிகாரமாக, நூற்றுக்கு 85 இடங்கள் நிரம்பி 15 காலியாக இருக்குமாறு கட்டணத்தை அமைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இதன் காரணத்தை எளிய நிகழ்தகவுக் கணக்கால் அறியலாம். 10 இடங்கள் கொண்ட வரிசையில் ஒவ்வோர் இடமும் 85 சதவீத நேரம் நிரம்பியிருந்து, ஓரிடத்தின் நிலை மற்றதைச் சாராதிருப்பின், பத்தும் ஒருங்கே நிரம்பியிருக்கும் வாய்ப்பு 20 சதவீதமே. நிரம்பும் அளவு 95 சதவீதமானால் அவ்வாய்ப்பு 60 சதவீதமாக உயர்கின்றது. சிறிதளவு காலியிடம் பெரும் அலைச்சலைத் தவிர்க்கின்றது என்பது கருத்து.

சட்டமும் அபராதமும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், வண்டி நிறுத்தும் இடங்களை வரையறுக்கவும், ஆபத்தான முறையில் வண்டியை விட்டுச் செல்வதைத் தடுக்கவும், தடை செய்யப்பட்ட இடத்தில் விடப்பட்ட வண்டியை இழுத்துச் செல்லவும் வழி செய்கின்றது. தனித்தண்டனை குறிக்கப்படாத குற்றங்களுக்கான அபராதத்தின் மேல்வரம்பு, முதல் முறைக்கு 100 ரூபாயாக இருந்தது, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 500 ரூபாயாயிற்று.

அபராதத்தை உயர்த்தினாலே ஒழுங்கு வந்துவிடும் எனப் பலர் கருதுகின்றனர். கணக்கு வேறு கூறுகின்றது. உதாரணமாக, நிறுத்தக் கட்டணம் மணிக்கு 20 ரூபாயாயின் 8 மணி நேரத்துக்கு 160 ரூபாய் ஆகும். கட்டணம் செலுத்தாமல் தடைசெய்த இடத்தில் நிறுத்துபவர் 20 நாட்களுக்கு ஒருமுறையே பிடிபட்டு 500 ரூபாய் செலுத்துவாராயின், நாளொன்றுக்கு அவருக்குச் சராசரிச் செலவு 25 ரூபாயே. அபராதத்தை இருமடங்காக்கினாலும் அது 50 ரூபாய்தான். பழைய அபராதத்தையே வைத்துக்கொண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பிடித்தால் செலவு 167 ரூபாயாகின்றது. அப்பொழுதே கட்டணம் செலுத்துவது ஆதாயமாகத் தோன்றும். தண்டனையின் கடுமையைவிட அதன் நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764-இலேயே எழுதினார்.

நிச்சயத்தோடு நியாயமும் வேண்டும். மரக்கிளைக்குப் பின் மறைந்த பலகையும் அழிந்துபோன கோடுகளும் உள்ள வீதியில் வண்டியை இழுத்துச் சென்றால், உரியவர் தம் தவற்றை உணர்வதில்லை. தாம் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவார். அதிகாரியின் வண்டிக்கு ஒரு விதியும் பிறர் வண்டிக்கு மற்றொரு விதியும் இருப்பின் எவரும் விதியை மதியார்.

நகரங்களின் பரிசோதனைகள்

சான்பிரான்சிஸ்கோ நகரம் 2011-இல் தொடங்கிய திட்டத்தில், இடங்கள் 60 முதல் 80 சதவீதம் வரை நிரம்பியிருக்குமாறு வீதிக்கு வீதி, வேளைக்கு வேளை கட்டணத்தை மாற்றியமைத்துப் பார்த்தது. ஜப்பானில் 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கார் வாங்குவோர் பொதுவாகத் தமக்கெனச் சாலைக்கு வெளியே நிறுத்துமிடம் உண்டு என நிரூபிக்க வேண்டும். அவ்விடம் இருப்பிடத்தினின்று 2 கிலோமீட்டருக்குள் அமைய வேண்டும். தில்லியின் சாந்தினி சவுக்கில் 2021-இல் திறக்கப்பட்ட சீரமைப்பில், செங்கோட்டைப் பக்கத்தினின்று பதேபூரி மசூதி வரை காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகள் விலக்கப்பட்டு, வீதி நடப்போருக்கு அளிக்கப்பட்டது.

நிலம் யாருடையது?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியக் குடும்பங்களுள் கார் வகை வண்டி உடையவை 4.7 சதவீதம், மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவை உடையவை 21 சதவீதம், சைக்கிள் உடையவை 44.8 சதவீதம். அதன் பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகியுள்ளன எனினும், நடந்தும் பேருந்திலும் செல்வோர் மிகப் பலர். தில்லிப் பெருந்திட்டம் 2021, திறந்த வெளியில் ஒரு கார் நிற்க, வந்துபோகும் வழியையும் சேர்த்து, 23 சதுர மீட்டர் நிலத்தைக் கணக்கிடுகின்றது. ஏழைக் குடும்பங்கள் பல இதனினும் சிறிய அறையில் வாழ்கின்றன. ஆகவே பொதுச்சாலையில் இலவசமாக வண்டி நிறுத்துவதை இயற்கை உரிமை எனக் கொள்ளுதல் பொருந்தாது. நடைபாதையில் வண்டி ஏறி நின்றால், பள்ளிச் சிறுவரும் முதியோரும் ஓடும் வண்டிகளுக்கிடையே இறங்கி நடக்க நேரிடுகின்றது.

கணக்கெடுக்கும் முறை

ஆசிரியரும் களப்பணியாளரும் இதனைத் தம் ஊரிலேயே எளிதில் ஆராயலாம். 100 அல்லது 200 மீட்டர் நீளமுள்ள வீதியைத் தேர்ந்து, படம் வரைந்து, நிறுத்துமிடங்களுக்கு வரிசை எண் இடவேண்டும். மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் நடைபாதையிலேயே நின்று, அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வோர் இடத்திலும் நிற்கும் வண்டியின் பதிவெண்ணில் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் குறிக்கவேண்டும். கணக்கு முடிந்தபின் அவ்வெண்களை அழித்துவிடலாம்.

20 இடங்களை 8 மணி நேரத்தில் 16 முறை நோக்கினால் மொத்த நோக்குகள் 320. அவற்றுள் 288-இல் வண்டி இருந்தால் இடம் நிரம்பிய அளவு 90 சதவீதம். வந்து நின்ற தனி வண்டிகள் 60 எனின், ஓர் இடத்துக்குச் சுழற்சி 3. 288 நோக்குகளை அரை மணியால் பெருக்கி 60-ஆல் வகுத்தால், ஒரு வண்டி நின்ற சராசரி நேரம் 2.4 மணி எனத் தெரியும். நடைபாதையிலும் திருப்பங்களிலும் நின்றவற்றைத் தனியே எண்ணவேண்டும். அவற்றால் சாலையில் இறங்கி நடந்தோரையும் எண்ணவேண்டும்.

இவ்வாறு பெறப்பட்ட அட்டவணையை நகராட்சியிடமும் போக்குவரத்துப் போலீஸாரிடமும் வியாபாரிகள் சங்கத்திடமும் அளிக்கலாம். இடம் உண்மையிலேயே போதவில்லையா, அல்லது சிலர் நாள் முழுதும் அதை வைத்துக்கொண்டிருக்கின்றனரா என்பதை அது காட்டிவிடும். முன்னதாயின் புதிய இடமும் நல்ல பேருந்து வசதியும் தேவை. பின்னதாயின் கால வரம்பும் சீரான கண்காணிப்பும் போதும்.