பார்வை போனால் வேலையும் போகணுமா?

"டாக்டர், இந்தக் கண்ணுக்கு உங்ககிட்டயாவது மருந்து இருக்கா?"

மனைவியின் தோளைப் பிடித்தபடி என் வைத்தியசாலைக்கு வந்த அரசு அலுவலர் கேட்ட கேள்வி இது. வயது 48. குளுக்கோமா நோயால் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போயிருந்தது. சட்டைப் பையில் ராஜினாமா கடிதம்!

நான் சித்த வைத்தியன்தான். ஆனாலும் உண்மையைச் சொல்லணுமே! "பட்டுப்போன நரம்பைத் துளிர்க்க வைக்கிற மருந்து என்கிட்டயும் இல்லை. மிச்சம் இருக்கிற பார்வையாவது நிலைக்கணும்னா, கண் டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை ஒருநாளும் விட்டுடாதீங்க. அந்தக் கடிதத்தை மட்டும் கிழிச்சிடுங்க" என்றேன்.

காரணம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டது என்பதற்காக அரசு நிறுவனம் ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. பதவி இறக்கவும் கூடாது.

சரி, பார்வையில்லாமல் கம்ப்யூட்டரில் எப்படி வேலை செய்வது? அதற்குத்தான் 'என்விடிஏ' என்ற மென்பொருள். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டும். 2006-ல் இதைத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன். சிறுவயதில் இசை முகாமில் அறிமுகமான ஜேம்ஸ் டெஹ்ஹும் கைகோத்தார். இருவருமே பார்வையற்றவர்கள்! இதே வேலையைச் செய்யும் மென்பொருள்கள் அதிக விலைக்கு விற்றதால், இதை இலவசமாகவே கொடுத்தார்கள்.

பழகுவது எப்படி?

* விண்டோஸ் கம்ப்யூட்டரில் இது இயங்கும். பென் டிரைவில் போட்டு எடுத்துச் சென்றும் பயன்படுத்தலாம்.

* மவுஸ் வேண்டாம், கீ-போர்டு போதும். 'இன்சர்ட்' விசையோடு 1-ஐ அழுத்துங்கள். பிறகு எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரைச் சொல்லும். முதல் பாடம் இதுதான். பேச்சை நிறுத்த 'கன்ட்ரோல்'.

* தமிழும் படிக்கும். குரல் இயந்திரத்தனமாக இருக்கும். ஆரம்பத்தில் வேகத்தைக் குறைத்து வையுங்கள், காது பழகிவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "பாவம், அவரால முடியாது" என்று எல்லாவற்றையும் நீங்களே செய்து கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள உதவுங்கள். குளுக்கோமா பரம்பரையாகவும் வரலாம். ஆகவே அண்ணன், தம்பி, பிள்ளைகளும் கண் அழுத்தத்தைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள்.

அந்த அலுவலர் போன வாரம் மறுபடி வந்தார். கண்ணுக்காக இல்லை, இடுப்பு வலிக்காக! நாள் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்தே வேலையாம். அதற்கு என்னிடம் தைலம் இருந்தது. சந்தோஷமாகக் கொடுத்தனுப்பினேன்.