அரங்கும் ஒளியும்

நாடகம் பார்த்துவிட்டு வீடு திரும்புவோர் நடிப்பைப் பற்றிப் பேசுவர். பாட்டைப் பற்றிப் பேசுவர். விளக்கைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. விளக்குத் தன் கடமையைச் செவ்வனே செய்தது என்பதற்கு அதுவே சான்று. அது தவறினால்தான் எல்லோர் கண்ணும் அதன்மேல் விழும். இதை நான் பட்டறிந்தவன்.

மாணவனாக இருந்தபோது, இரண்டு நாள் நடந்த ஒரு நாடகத்திற்கு விளக்கமைக்கும் பொறுப்பை ஏற்றேன். கிடைத்த விளக்குகளையெல்லாம் மேடையின் முன்விளிம்பில் வரிசையாக வைத்தேன். மகனை இழந்த தாய் கதறும் காட்சி வந்தது. கீழிருந்து பாய்ந்த ஒளியில் தாய்முகம் பேய்முகமாயிற்று. அவள் நிழல் பின்திரையில் பூதம்போல் எழுந்தது. அவையோர் சிரித்துவிட்டனர். தாயாக நடித்த நண்பரின் பல நாள் உழைப்பு ஒரு நொடியில் பாழாயிற்று.

காரணம் எளியது. கதிரவனொளி மேலிருந்து வருவது. கண்குழியிலும் மோவாயின் கீழும் நிழல் காண்பதே நமக்குப் பழக்கம். ஒளி கீழிருந்து வந்தால் அந்நிழல் தலைகீழாகிறது.

ஆகவே, நடிகருக்கு முன்னால் இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரு விளக்குகளை, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் மேலிருந்து விழுமாறு கட்டுதல் வேண்டும். ஒன்று இளஞ்சூடான நிறமும் மற்றொன்று குளிர்ந்த நிறமும் பெற்றிருப்பின் முகம் தட்டையாகத் தோன்றாது. அமெரிக்கரான ஸ்டான்லி மக்காண்ட்லெஸ் 1932இல் வெளியிட்ட நூலில் வகுத்த முறை இது. பின்னாலிருந்து மூன்றாவது விளக்கொன்று தோளின் விளிம்பைத் துலக்கினால், நடிகர் திரையினின்று பிரிந்து தெரிவார்.

நிறத்திலும் விழிப்பு வேண்டும். பச்சைச் சேலை சிவப்பொளியில் ஏறக்குறையக் கருமையாகிவிடும். திருப்பி அனுப்பப் பச்சைக் கதிர் அங்கே இல்லை அன்றோ? எனவே, உடையையும் ஒப்பனையையும் மேடை விளக்கின் கீழ்ப் பார்த்தே முடிவு செய்க. தலைக்குமேல் தொங்கும் ஒவ்வொரு விளக்கையும் கூடுதலாக ஓர் இரும்புச் சங்கிலியால் பிணைக்கவும் மறவற்க.

நிழலைப் பற்றிய கவலை நமக்குப் புதிதன்று. தூணின் நிழல் ஆடரங்கில் விழாவண்ணம் விளக்கமைத்த செய்தியைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை கூறுகிறது. 1881இல் இலண்டன் சவாய் அரங்கில் மின்விளக்கு வந்தது, இன்று எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது. கருவி மாறினாலும் கேள்வி ஒன்றே: நிழல் எங்கே விழும்?

மறுநாள் விளக்குகளை உயர்த்திக் கட்டினேன். அதே தாய் அழுதாள், அவை அசைவற்றிருந்தது. நாடகம் முடிந்தபின் விளக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.