கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை

தஞ்சை மண்ணில் திராட்சை ஏன் செழிப்பதில்லை என்று மாணவர்கள் என்னைப் பன்முறை வினவியதுண்டு. நெல்லுக்கு வயலில் நீர் தேங்கி நிற்க வேண்டும். காவிரி கொணர்ந்து படிவித்த களிமண்ணும் நீரை எளிதில் கீழே விடாது. திராட்சைக் கொடியின் வேருக்கோ தேங்கிய நீர் பகை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதன் இலையைப் பூஞ்சை நோயும் பற்றும். ஆகவே, அக்கொடியின் செழிப்பைக் காண நாம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்குச் செல்லுதல் வேண்டும்.

மேற்கே குமுளி மலைகள். கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். இடையே சுருளியாறு வடகிழக்காக ஓடி வைகையில் கலக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மேற்கு மலைகளுக்கு அப்பாலேயே பொழிந்துவிடுகிறது. மழை குறைந்த இவ்விடம் பசுமை பெற்றது எங்ஙனம்?

மலைக்கு அப்பால் பெரியாறு மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்திற்குப் பின்னர், அந்நீரைக் கிழக்கே திருப்பும் பழைய எண்ணம் வலுப்பெற்றது. 1886-இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. பென்னிகுயிக் என்னும் பொறியாளர் அடர்ந்த காட்டினிடையே கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு அணை எழுப்பினார். காய்ச்சலுக்கு இரையான தொழிலாளர் பலர். 1895-இல் பணி முடிந்தது. மலையைக் குடைந்த, ஒரு மைலுக்குச் சற்று மிகுந்த சுரங்கத்தின் வழியே நீர் இப்புறம் வந்தது. நம் கல்லணை ஆற்று நீரைப் பகிர்ந்து தருகிறது. இவ்வணையோ நீரின் திசையையே மாற்றிற்று. இன்றும் பள்ளத்தாக்கு மக்கள் தம் பிள்ளைகளுக்கு அப்பொறியாளரின் பெயரைச் சூட்டுகின்றனர்.

தாழ்ந்த நிலங்களில் இருபோக நெல் விளைகிறது. நீர் வடியும் மேட்டு நிலங்களில் கிணற்றுப் பாசனத்தால் பந்தற்கொடிகள் படர்கின்றன. இவற்றுள் புகழ்பெற்றது பன்னீர்த் திராட்சை. மேனாட்டார் இதனை மஸ்கட் ஹாம்பர்க் என்பர். 2023-இல் இது புவிசார் குறியீடு பெற்றது. பிரான்சு நாட்டில் குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஓர் அறுவடைதான். அதுவும் பெரும்பாலும் மதுவாகிறது. கம்பத்தில் கடுங்குளிர் இல்லையாதலால் கொடிக்கு உறக்கமில்லை. உழவர் கவாத்து செய்ய, புதுத் தளிர் விட்டு ஏறக்குறைய நான்கு மாதத்தில் கனி முதிர்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து மாதம் வேறுபடுவதால் ஆண்டு முழுவதும் பழமுண்டு. அது பெரும்பாலும் உண்பதற்கே சந்தைக்குப் போகிறது. எனினும், பழுக்கும் வேளையில் மழை பெய்தால் கனி வெடித்துவிடும். நான்கு மாத உழைப்பு சில நாளில் வீணாகும்.

மழையை வேண்டாத பயிருக்கு, மலைக்கப்பால் பெய்யும் மழையே ஆதாரம்! அணையின் உறுதி குறித்துக் கேரள மக்கள் அஞ்சுகின்றனர். நீர்மட்டத்தைத் தாழ்த்தினால் தம் நிலம் வறளும் என்று இவர்கள் அஞ்சுகின்றனர். 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. ஆடி பிறக்குமுன் மேட்டூர் அணையின் மட்டத்தை நாள்தோறும் விசாரிக்கும் தஞ்சை உழவருக்கு இவர்களின் கவலையை நான் விளக்க வேண்டியதில்லை.