ஊர்தியின் உள்தரவுப் பிணையமும் புறக்கருவி இணைப்பும்: திருப்பாலைக்குடிக் கடலோரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தொழிற்சாலையில் பொருத்தப்படாத மின்னணுக் கருவிகளை ஊர்தியின் உள்தரவுப் பிணையத்தோடு இணைக்கும் வழக்கம் பெருகி வருகிறது. அப்பிணையம் இயங்கும் முறையையும், புறக்கருவி சேர்வதால் அதில் நேரும் மாற்றங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தின் மீன் ஊர்தியும் மீன்பிடிப் படகும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உள்தரவுப் பிணையம், கேன் பாட்டை, புறக்கருவி, முனைத்தடை, அலைவாங்கி, அறிவியல் தமிழ்.

முன்னுரை

தேவிப்பட்டினத்திற்கும் தொண்டிக்கும் இடையே பாக் விரிகுடாவின் கரையில் அமைந்த மீனவ ஊர் திருப்பாலைக்குடி. கிழக்குக் கடற்கரைச் சாலை இப்பகுதியின் போக்குவரத்துத் தடமாக விளங்குகிறது. சாலையில் ஓடும் ஊர்தி, கடலில் ஓடும் படகு ஆகிய இரண்டிலும் இன்று இடங்காட்டிகள் பொருத்தப்படுகின்றன. கருவி ஒன்றே போலத் தோன்றினும் அது சேரும் இடம் வேறு. சாலை ஊர்தியில் முன்பே இயங்கிக் கொண்டிருக்கும் ஒரு பிணையத்திற்குள் அது புதிதாக நுழைகிறது. சிறு படகிலோ பின்னர் வாங்கிப் பொருத்திய கருவிகளே பிணையமாகின்றன. இவ்வேறுபாட்டை அறியாமல் செய்யப்படும் இணைப்பு, உதவிக்கெனப் பொருத்திய கருவியையே இடையூறாக்கிவிடும்.

கேன் பாட்டை: அமைப்பும் இயக்கமும்

கேன் எனச் சுருங்க வழங்கும் கட்டுப்படுத்திப் பரப்புப் பிணையம் ஜெர்மனியின் போஷ் நிறுவனத்தில் உருவாகி 1986இல் டெட்ராய்ட் நகரில் அறிமுகம் செய்யப்பட்டது. 1993இல் ஐஎஸ்ஓ 11898 எனும் பன்னாட்டுத் தரமாயிற்று. இயந்திரம், தடை, விளக்கு முதலியவற்றின் மின்னணுக் கட்டுப்பாட்டகங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்பி இழுக்காமல், முறுக்கிய ஓர் இணைக்கம்பியில் அனைத்தையும் கோத்தது இதன் சிறப்பு. பல கருவிகளுக்குப் பொதுவான இத்தடத்தைக் கணினித் தமிழ் ‘பாட்டை’ என்கிறது. அனைவரும் நடக்கும் பொதுவழி எனும் பொருள் இங்கு நன்கு பொருந்துகிறது.

பாட்டை அடங்கியிருக்கும்போது இரு கம்பிகளிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட் நிற்கும். செய்தி செல்லும்போது ஒரு கம்பி 3.5 வோல்ட்டுக்கு உயர, மற்றது 1.5 வோல்ட்டுக்குத் தாழும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையே கருவிகள் படிப்பதால், வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் இரு கம்பிகளையும் ஒருசேரத் தாக்கினும் செய்தி சிதைவதில்லை. பாட்டையின் இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் உண்டு. குறிகை முனையில் மோதித் திரும்பாமல் அவை காக்கின்றன. ஊர்தி அணைந்த நிலையில் இரு கம்பிகளுக்கிடையே அளந்தால் 60 ஓம் கிடைக்க வேண்டும்.

ஒவ்வொரு செய்தியும் 11 அல்லது 29 இருமஎண் நீளமுள்ள அடையாள எண்ணோடு புறப்படுகிறது. அடிப்படை வடிவத்தில் அது சுமக்கும் தரவு 8 பைட்டுக்கு மேற்படாது. இரு கருவிகள் ஒரே நொடியில் பேசத் தொடங்கினால் சிறிய எண்ணுடைய செய்தி வெல்ல, மற்றது ஒதுங்கிக் காத்திருக்கும். அடையாள எண் செய்தியின் பொருளைக் குறிப்பதேயன்றி அனுப்பியவர் இன்னார் என மெய்ப்பிப்பதில்லை. பாட்டைக்குள் வந்துவிட்ட எவரையும் நம்பும் இவ்வியல்பே புறக்கருவிச் சிக்கல்களின் வேராகும்.

‘கேட்டல்’ என்னும் செயல்

புறக்கருவி தரவைப் படிக்கத்தானே செய்கிறது, அதனால் தீங்கு என்ன எனும் வினா இயல்பானது. கேன் பாட்டையில் கேட்டல் முழுமையான அமைதியன்று. செய்தியைச் சரியாகப் பெற்ற ஒவ்வொரு கருவியும் அச்செய்தி முடியுமுன் ஒப்புகைக் குறி இடுகிறது. பிழையெனக் கருதினால் பிழைக்குறி எழுப்பி அச்செய்தியை அனைவருக்கும் செல்லாததாக்குகிறது. வினாடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் இயங்கும் பாட்டையில், 250 கிலோபிட்டுக்கு அமைக்கப்பட்ட புறக்கருவி சேர்ந்தால், அது நல்ல செய்திகளையும் பிழையெனக் கொண்டு இடைமறிக்கும். ஆகவே ஒப்புகையும் பிழைக்குறியும் இடாத ‘கேட்பு மட்டும்’ நிலையில் கருவியை அமைப்பது முதல் தேவையாகிறது.

இரண்டாவது, முனைத்தடை. சில புறக்கருவிகளுக்குள்ளேயே 120 ஓம் தடை உண்டு. அதை நீக்காமல் இணைத்தால் மூன்று தடைகள் சேர்ந்து பாட்டையின் தடை 60 ஓமிலிருந்து 40 ஓமாகக் குறையும். குறிகையின் வலிமை தளரும். சில வேளை ஓடியும் சில வேளை நின்றும் ஊர்தி அலைக்கழிக்கும் பழுதுகளுக்கு இது காரணமாகலாம். மூன்றாவது, கிளைக்கம்பியின் நீளம். வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் கிளை 0.3 மீட்டருக்குள் அமைய வேண்டும். கருவியை வசதியான மூலையில் வைக்கும் பொருட்டுக் கம்பியை நீட்டுவது இவ்வரம்பை எளிதில் மீறிவிடும்.

நான்காவது, மின்கலம். நிறுத்திய ஊர்தியில் 50 மில்லியாம்பியர் இழுக்கும் கருவி ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-மணி மின்னைச் செலவிடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முழுதும் ஒரு மீன் ஊர்தி நின்றுவிட்டால், அச்செலவு 73.2 ஆம்பியர்-மணியாகும். 35 ஆம்பியர்-மணி மின்கலம் முப்பது நாளுக்குள் வறண்டுவிடும். கருவி இடையிடையே வினா எழுப்பி, உறங்கும் பாட்டையைத் தட்டி எழுப்பினால் வறட்சி இன்னும் விரையும்.

இவற்றோடு கடலோரத்திற்கே உரிய உப்புக்காற்றும் சேர்கிறது. உறையைச் சீவி முறுக்கி நாடா சுற்றிய இணைப்பில் ஈரமும் உப்பும் புகுந்து செம்பை அரிக்கின்றன. அரிப்பு ஏற்படுவது புறக்கருவியின் கம்பியில் மட்டுமன்று, சீவப்பட்ட மூலக்கம்பியிலும்தான். கருவியைக் கழற்றிய பின்னும் பழுது ஊர்தியிலேயே தங்கிவிடுகிறது.

சட்டமும் பாதுகாப்பும்

மத்திய மோட்டார் ஊர்தி விதிகளில் 2016இல் சேர்க்கப்பட்ட 125எச் விதி, பொதுப் பயணியர் ஊர்திகளில் இடங்காட்டிக் கருவியும் அவசரப் பொத்தானும் வேண்டும் என்கிறது. அக்கருவிக்கான தரம் ஏஐஎஸ் 140. இடமறிதல், அவசர அழைப்பு ஆகிய இவ்விரு பணிகளுக்கும் மின்னிணைப்பும் இயக்கச் சாவியின் நிலையறியும் கம்பியும் போதும். இயந்திரத் தரவு வேண்டியதில்லை. எரிபொருள் அளவு, இயந்திர வெப்பம் போன்றவற்றை உரிமையாளர் அறிய விரும்பும்போதுதான் பாட்டையைத் தொட நேர்கிறது.

அவ்விருப்பத்தின் விலையை 2015ஆம் ஆண்டு நிகழ்வுகள் உணர்த்தின. காப்பீட்டுக்கெனப் பழுதறி இணைப்பியில் செருகப்பட்ட சிறு கருவியொன்றின் வழியாக, குறுஞ்செய்தி அனுப்பியே மகிழுந்தின் தடையை இயக்கவும் முடக்கவும் இயலும் என்பதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் செய்து காட்டினர். தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட இணையவழிக் கருவியைக் கொண்டு ஒரு ஜீப் ஊர்தி தொலைவிலிருந்து கட்டுப்படுத்தப்பட்டதும் அவ்வாண்டே. அதன் விளைவாக அமெரிக்காவில் ஏறத்தாழ 14 இலட்சம் ஊர்திகள் திரும்ப அழைக்கப்பட்டன. கைப்பேசி அலைவரிசையோடு இணைந்த கருவி பாட்டையில் சேரும்போது, மூடிய பொதுவழிக்குப் புறவாயில் ஒன்று திறக்கிறது.

படகில் மாறும் நிலை

சிறு படகுகளின் எளிய டீசல் இயந்திரங்களில் உள்தரவுப் பிணையம் இருப்பதில்லை. இடங்காட்டி, எதிரொலி ஆழமானி, கம்பியில்லாப் பேசி ஆகியவை ஒவ்வொன்றாக வந்து சேர்பவை. இவற்றை இணைக்கக் கடல்சார் மின்னணுத் துறையில் இரு தரங்கள் வழங்குகின்றன. என்எம்இஏ 0183 முறையில் ஒருவர் பேச, பிறர் கேட்பர். வேகம் பொதுவாக வினாடிக்கு 4800 பிட். என்எம்இஏ 2000 முறையோ கேன் பாட்டையின் மீதே எழுந்தது. 250 கிலோபிட் வேகமும் 29 இருமஎண் அடையாளமும் உடையது. நிலத்தில் கண்ட முனைத்தடை, கிளைநீளம், உப்பரிப்பு ஆகிய சிக்கல்கள் யாவும் இங்கும் தொடர்கின்றன. ஒரே முதுகுத்தடத்தில் அனைத்தையும் கோத்தால் கம்பி குறையும். ஆயின் அத்தடம் அறுந்தால் இடமும் ஆழமும் ஒருங்கே மறையும்.

பாக் விரிகுடாவில் இதன் விளைவு பெரிது. 1974ஆம் ஆண்டு உடன்பாடு வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கு நீர்மேல் அடையாளம் ஏதுமில்லை. அதைக் காட்டுவது கருவி மட்டுமே. எல்லை தாண்டிய படகினருக்குக் கைதும் படகு இழப்பும் நேர்வதை இக்கரை நன்கறியும். மீன்பிடிப் படகுகளில் 1,00,000 அலைவாங்கிகளைப் பொருத்த 364 கோடி ரூபாய் மதிப்பில் ஒன்றிய அரசு வகுத்த திட்டம், செயற்கைக்கோள் வழி இருவழிச் செய்தியையும் எல்லை எச்சரிக்கையையும் அளிப்பது. இத்தகைய எச்சரிக்கைக் கருவி, பிற கருவிகளின் தடத்தையும் மின்னையும் சாராமல் தனித்து இயங்குவதே பொருத்தம். ஒன்று பழுதானால் மற்றொன்று நிற்கும் என்பதே அதன் பயன்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, தேவைக்கு இயந்திரத் தரவு வேண்டாதபோது புறக்கருவியைப் பாட்டையோடு இணைக்கலாகாது. இரண்டு, வேண்டும்போது கம்பியைச் சீவாமல் உரிய இணைப்பி வழியாக, ‘கேட்பு மட்டும்’ நிலையில் இணைத்து, இணைத்த பின் 60 ஓம் அளவைச் சரிபார்க்க வேண்டும். மூன்று, உயிர்காக்கும் கருவியைப் பிறவற்றோடு ஒரே தடத்தில் கோப்பதைத் தவிர்க்க வேண்டும்.

இவ்விணைப்புகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் சிற்றூர்களின் மின்பணியாளர்கள். கருவியோடு வரும் கையேடோ ஆங்கிலத்தில் அமைகிறது. பாட்டை, முனைத்தடை, ஒப்புகை, கேட்பு நிலை போன்ற சொற்களை வரையறுத்துத் தமிழில் பொருத்துகைக் கையேடுகள் உருவாக்குவது அறிவியல் தமிழ் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். கலைச்சொல் அகராதியில் இடம்பெறுவதோடு நில்லாது, பணியாளரின் கைக்குச் சென்று சேரும்போதே அச்சொற்கள் பயன் பெறும்.