விண்மீன் அளக்கும் வேலை

2025 பிப்ரவரியில் ‘2024 ஒய்ஆர்4’ என்ற சிறுகோள் உலகமெங்கும் செய்திகளில் அடிபட்டது. சுமார் 60 மீட்டர் அகலமுள்ள அந்தப் பாறை, 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு 3 சதவீதத்தைத் தாண்டிவிட்டதாகக் கணக்கு சொன்னது. ஒரு நகரத்தைச் சிதைக்கப் போதுமான பாறை அது. சில நாள்களில் அந்த வாய்ப்பு மளமளவென்று சரிந்து, ஏறக்குறைய பூஜ்ஜியத்துக்கு வந்தது. பாறை தன் வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த வழி நமக்குத் தெளிவாகப் பிடிபட்டதுதான் மாற்றம். தொலைநோக்கிகள் எடுத்த ஒவ்வொரு படத்திலும் பாறையைச் சுற்றித் தெரிந்த விண்மீன்களை வைத்துத்தான் அதன் இடத்தைக் குறித்தார்கள். அந்த விண்மீன்கள் எங்கே இருக்கின்றன என்பதை யாரோ முன்பே அளந்து எழுதி வைத்திருந்தார்கள்.

அப்படியொரு பட்டியல் இல்லாவிட்டால் வானத்தில் எதற்கும் விலாசம் கிடையாது. செயற்கைக்கோள்கள்கூட, எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்பதை விண்மீன்களைப் படம்பிடித்து, நினைவகத்தில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டே அறிந்துகொள்கின்றன. கருந்துளை, பெருவெடிப்பு என்றால் காது கொடுத்துக் கேட்கிற நாம், இந்த அடிப்படை வேலையைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

இந்த வேலையில் அளப்பவர் ஒருவர், பலன் காண்பவர் இன்னொருவர். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ், நம் சித்திரை நட்சத்திரத்தின் இடத்தை அளந்தார். அவருக்குச் சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பே அலெக்சாந்திரியாவில் டிமோக்காரிஸ் அதே விண்மீனை அளந்து குறித்திருந்தார். இரண்டுக்கும் 2 பாகை வித்தியாசம் இருந்தது. அளந்ததில் பிழை என்று ஹிப்பார்க்கஸ் அதைத் தள்ளிவிடவில்லை. பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை மெல்ல வட்டமடிப்பதன் அடையாளம் அது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22லேயே நடந்துவிட, உத்தராயணத்தை நாம் தை முதல் நாளில் கொண்டாடுவதற்கும் அதே நகர்வுதான் காரணம். 1718இல் வானியலாளர் எட்மண்ட் ஹாலி பழைய கிரேக்க அளவுகளை எடுத்துப் பார்த்தபோது, சுவாதி, சிரியஸ் ஆகிய விண்மீன்கள் தனித்தனியே இடம்பெயர்ந்திருந்தன. விண்மீன்கள் அசையாதவை என்ற நம்பிக்கை அதோடு போயிற்று.

சென்னை நுங்கம்பாக்கத்துக்கும் இந்தக் கதையில் பெரிய இடம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் அங்கே வானாய்வகம் கட்டியது. கம்பெனிக்கு வேண்டியதெல்லாம் கப்பல் வழியும் நில அளவையும்தான். ஆனால் தாமஸ் கிளான்வில் டெய்லர் 1844இல் அங்கிருந்து வெளியிட்டது 11,015 விண்மீன்களின் பட்டியல். அந்தக் காலத்தில் ஒரு விண்மீனை அளப்பது எவ்வளவு பாடு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வடக்கு தெற்காக மட்டுமே சாயும் தொலைநோக்கி. அதன் கண்வில்லைக்குள் நூலைவிட மெல்லிய இழைகள். விண்மீன் தானாக நகர்ந்து வரும். கண் அதன் மேல் இருக்க, காது கடிகாரத்தின் டிக் ஒலியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வோர் இழையையும் அது தாண்டும் கணத்தை விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரை மனத்தாலேயே மதிப்பிட வேண்டும். பிறகு உருப்பெருக்கி வைத்து உயரக் கோணத்தைப் படிக்க வேண்டும். காற்று ஒளியை வளைக்குமே, அதற்காக வெப்பமானியையும் காற்றழுத்தமானியையும் பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும். இவ்வளவும் ஒரே ஒரு விண்மீனுக்கு.

அதே ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிக்குலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். பஞ்சாங்கக் கணக்கு வானத்தில் காண்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்று திருக்கணித முறையில் பஞ்சாங்கமும் வெளியிட்டார். சனிப்பெயர்ச்சி எந்தத் தேதி என்று வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் இன்றும் முரண்படுகின்றனவே, அவர் எழுப்பிய கேள்வி இன்னும் ஓயவில்லை.

டெய்லர் சென்னையில் அளந்துகொண்டிருந்த அதே காலத்தில், ஜெர்மானியர் பிரெட்ரிக் பெசல் 1838இல் முதன்முறையாக ஒரு விண்மீனின் தூரத்தை நம்பத்தக்க வகையில் கணக்கிட்டார். பூமி சூரியனைச் சுற்றும்போது ‘61 சிக்னி’ என்ற விண்மீன் இடம் மாறுவதாகத் தோன்றும் அளவு மிகமிகச் சிறியது. சுமார் 9 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த பத்து ரூபாய் நாணயத்தின் அகலம், அவ்வளவுதான். 1844இல் அவர் இன்னொன்றையும் சொன்னார்: சிரியஸ் நேராகப் போகவில்லை, தள்ளாடுகிறது, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதை இழுக்கிறது. இரண்டே ஆண்டில் பெசல் காலமானார். அந்தத் துணையை ஆல்வன் கிரஹாம் கிளார்க் தொலைநோக்கியில் பார்த்தது 1862இல். அதே தள்ளாட்டக் கணக்கைக் கொண்டுதான், சூரியனைப்போல் 33 மடங்கு நிறையுள்ள ஒரு கருந்துளையை 2024இல் கண்டுபிடித்து அறிவித்தார்கள்.

அந்தத் தள்ளாட்டத்தை அளந்தது ஐரோப்பாவின் கையா விண்கலம். 2013 டிசம்பரில் புறப்பட்டு, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று, ஏறக்குறைய 200 கோடி விண்மீன்களை அளந்தது. நம் பால்வீதி சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் வேறொரு விண்மீன் மண்டலத்தையே விழுங்கியது என்பதைக்கூட, அந்த விண்மீன்கள் ஓடும் போக்கை வைத்தே கண்டுகொண்டோம்.

2025 மார்ச்சில் கையாவை அணைத்துவிட்டார்கள். அளவுப் பட்டியலுக்கும் வயதாகும். ஒவ்வொரு விண்மீனின் வேகத்திலும் உள்ள சிறு பிழை ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து, அது நிற்கும் இடத்தையே ஐயத்துக்கு உள்ளாக்கும். தூசுக்குப் பின்னால் மறைந்திருக்கும் பால்வீதி மையத்தையும் சேர்த்து அகச்சிவப்பில் அளக்கும் அடுத்த விண்கலம் இப்போதைக்கு யோசனையாகவே இருக்கிறது, பறந்தாலும் 2040களில்தான். அதற்குப் பணம் ஒதுக்கும் முடிவை இப்போதே எடுத்தாக வேண்டும்.