ஏறிய துறைமுகமா, பிறந்த ஊரா?

கோட்டக்குப்பத்தைத் தாண்டினால் புதுச்சேரி. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் ஆங்கிலேயர் ஆட்சி, அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. 1848-இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்த பிறகு, கரீபியன் கடலிலிருந்த அதன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். 'ஒரேலி' என்ற கப்பல்தான் 1853-இல் மார்த்தினிக்குக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் முதல் குழுவினரைக் கொண்டுசேர்த்தது.

"எங்கள் பாட்டனார் பாண்டிச்சேரிக்காரர்" என்று அங்குள்ள வாரிசுகள் சொல்லும்போது, அது அவர் ஏறிய துறைமுகமாக மட்டுமே இருக்கலாம். பிறந்த ஊர் எல்லைக்கு இந்தப் பக்கத்துக் கிராமமாகவும் இருக்கலாம். பதிவேடுகளில் அவர்களின் பெயர்களோ காதில் விழுந்தபடி பிரெஞ்சில் எழுதப்பட்டவை. தகப்பனார் பெயர், பதிவு எண், கப்பலின் பெயர் ஆகியவை சேர்ந்தால்தான் தேடலுக்குப் பிடி கிடைக்கும்.

உங்கள் வீட்டில் கடல்கடந்தவர் யாரேனும் உண்டா? பழைய பத்திரம், கடிதம் எதையும் எறிந்துவிடாதீர்கள். பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.